கண்டிக்குள் நுழையக் காசு: கெட்டம்பேயில் நிற்கும் பஸ்ஸிலிருந்து ஒரு பதில்

கம்பளைப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். கண்டியில் ஆசிரியை, தினமும் பஸ்ஸில் போய் வருகிறவர். அவருடைய அண்ணன் வேன் ஓட்டுகிறார். விடியற்காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், அதன் பிறகு தோட்டங்களிலிருந்து கிளினிக் போகிறவர்கள். நியூயோர்க் நகரத்துக்குள் வரும் வாகனங்களிடம் காசு வாங்குகிறார்களாம், கண்டிக்கும் அது வந்தால்தான் நெரிசல் தீரும் என்று ஆசிரியர் அறையில் ஒருவர் சொன்னாராம். "வசதியுள்ளவன் காலி ரோட்டில் பறக்க, எங்கள் அண்ணன் காசு கட்ட வேண்டுமா?" என்று கேட்கிறார்.

தங்கச்சி, என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றைய கண்டியில், இன்றைய பஸ் சேவையை வைத்துக்கொண்டு காசு வாங்க வந்தால் நான் எதிர்ப்பேன். ஆனால் ஏழைக்கு விரோதமான யோசனை என்று சொல்லி அதைத் தூக்கிப் போடுகிறவர்களோடும் நான் சேர மாட்டேன். ஏனென்றால் இப்போது நடக்கும் நெரிசலுக்கு ஏழைதான் அதிகமாகக் கட்டிக்கொண்டிருக்கிறார். அவர் கட்டுவது நேரமாக இருப்பதால் யாருக்கும் அது கணக்கில் தெரிவதில்லை.

எனக்கு அது சின்ன வயதிலேயே தெரிந்துவிட்டது. புசல்லாவைக்கு மேலே ஒரு தோட்டத்தில் வளர்ந்தேன். அம்மாவுக்குக் கண்டியில் கிளினிக். இருட்டோடு எழுந்து, சால்வையைப் போர்த்திக்கொண்டு, முதல் பஸ்ஸைப் பிடித்து வருவோம். பேராதனை வரை பஸ் நன்றாகத்தான் வரும். கண்டிக்கு வாசலான கெட்டம்பேயில், கோயில் பக்கம் வந்ததும் நின்றுவிடும். ஒருநாள் அங்கேயே வெகுநேரம் நின்று, கடைசியில் இறங்கி நடந்தோம். போய்ச் சேர்ந்தபோது நம்பர் கொடுத்து முடிந்திருந்தது. அடுத்த கிழமை மறுபடி வரச் சொன்னார்கள். அம்மாவுக்கு அன்றைக்கும் பேர் இல்லை, அடுத்த கிழமை ஒருநாளும் பேர் இல்லை. தோட்டத்துக் கணக்கில் 'பேர்' என்றால் அன்றைய நாட்சம்பளம் என்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பஸ்ஸுக்குப் பக்கத்தில் கார்கள் நின்றன, ஒவ்வொன்றிலும் ஒருவர் அல்லது இருவர். அவர்கள் மேல் அன்று எனக்குக் கோபம் வரவில்லை, அவர்களும்தானே நின்றுகொண்டிருந்தார்கள். ஆனால் பிற்காலத்தில் போக்குவரத்துக் கணக்கெடுப்பு வேலைக்குப் போய் முப்பது வருடம் வீதியோரத்தில் நின்று வாகனம் எண்ணியபோதெல்லாம் எனக்கு நினைவு வந்தது அந்தக் காலைதான்.

இந்த யோசனையின் வேர் ஒரு சின்னக் கணக்கு. நெரிசல் நேரத்தில் கெட்டம்பேயில் புதிதாக ஒரு கார் வந்து சேருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின்னால் வரப்போகிற 600 வாகனங்கள் ஒவ்வொன்றும் அதனால் 2 நொடி தாமதிக்கின்றன என்போம். கார்க்காரருக்கு அது தெரியாது. தன் தாமதம் மட்டும்தான் அவருக்குத் தெரியும். அந்த 600இல் 30 பஸ்கள், ஒரு பஸ்ஸில் 60 பேர் என்றால் 1,800 பேர். ஆளுக்கு 2 நொடி. கூட்டிப் பாருங்கள், பஸ்காரர்களிடமிருந்து மட்டும் ஒரு முழு மணித்தியாலம் போயிருக்கிறது. எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்தவை, ஆனால் வீதி வேலை செய்வது இப்படித்தான். அந்த ஒரு மணித்தியாலத்துக்கு யாரும் பில் எழுதுவதில்லை. அதற்கு ஒரு விலை வைத்தால், அவசரமில்லாதவர் பத்து மணிக்குப் போவார், இருவர் ஒரே காரில் வருவார்கள், சிலர் பஸ்ஸில் ஏறுவார்கள் என்பதுதான் வாதம். பொருளியலாளர் வில்லியம் விக்ரி இதை 1950களிலிருந்தே சொல்லிவந்தார். 1996இல் அவருக்கு நொபெல் பரிசு அறிவித்தார்கள். மூன்றே நாளில் இறந்துவிட்டார்.

விலை வைக்காத பொருள் இலவசமாகிவிடுவதில்லை, அதற்கு வரிசை உண்டாகிறது. இது நமக்குப் புத்தகத்தில் படிக்க வேண்டிய பாடமல்ல. 2022இல் பெற்றோலுக்கு நாள்கணக்கில் நின்றோமே, அதுவும் ஒரு விலைதான். பிறகு கியூஆர் முறை வந்தது: வாகனத்துக்கு இத்தனை லீற்றர் என்று பங்கீடு. வரிசை, பங்கீடு, விலை என்று மூன்று வழியையும் ஒரே வருடத்தில் பார்த்த நாடு நாம். காலை ஏழரை மணிக் கண்டி வீதி இன்னும் வரிசை முறையில்தான் ஓடுகிறது. அந்த வரிசையில் அறுபது பேரை ஏற்றிய பஸ்ஸுக்கும் ஒருவர் இருக்கும் காருக்கும் ஒரே இடம். அநியாயம் அங்கேதான் தொடங்குகிறது.

சரி, காசு வாங்கிய ஊர்களில் என்ன நடந்தது?

சிங்கப்பூர்தான் முதலில் துணிந்தது. 1975 ஜூனில் நகர மையத்துக்குள் காலை நேரம் நுழையும் கார்களுக்கு நாளொன்றுக்கு 3 சிங்கப்பூர் டொலர். கண்ணாடியில் ஒட்டும் அனுமதிச் சீட்டு, எல்லையில் நின்று பார்க்கும் ஆட்கள், அவ்வளவுதான் கருவி. நான்கு பேர் இருக்கும் காருக்குக் கட்டணம் இல்லை. அந்த நேரத்து வாகன வரவு நாற்பது வீதத்துக்கு மேல் குறைந்தது. ஆனால் 9.30க்குக் கட்டணம் முடியும் என்றதும் கார்கள் எல்லைக்கு வெளியே காத்திருந்து அதன் பிறகு நுழைந்தன, நேரத்தை 10.15 வரை நீட்ட வேண்டியதாயிற்று. கண்டிக்குப் பயன்படும் இன்னொரு பாடமும் அங்கே இருக்கிறது. காரை ஓரத்தில் நிறுத்திவிட்டுப் பஸ்ஸில் போங்கள் என்று நகர விளிம்பில் பெரிய பெரிய தரிப்பிடங்கள் போட்டார்கள். அவை பெரும்பாலும் காலியாகவே கிடந்தன. வீட்டிலிருந்து பாதித் தூரம் காரில் வந்தவர் நடுவழியில் இறங்கி மாறுவதற்கு மனம் வைக்கவில்லை. பேராதனையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் தரிப்பிடம் கட்டினால் தீர்ந்தது என்று பேசுகிறவர்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காலி மைதானங்கள்தான் ஞாபகம் வரும்.

லண்டன் 2003 பெப்ரவரியில் தொடங்கியது. 5 பவுண். ஆரம்பத்தில் நெரிசல் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. சில வருடங்களில் வேகம் பழையபடி இறங்கிவிட்டது. அதைக் காட்டித்தான் 'திட்டம் தோற்றது' என்பார்கள். உள்ளே வரும் வாகனங்களின் எண்ணிக்கை குறைந்தபடியேதான் இருந்தது. விடுபட்ட இடத்தைப் பஸ்ஸுக்கும் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் கொடுத்தார்கள், நிலத்தடிக் குழாய் வேலைகளும் கூடின. ஆகவே கார்க்காரருக்கு வேகம் கிடைக்கவில்லை. யாருக்காக வீதி என்பதைப் பொறுத்துத்தான் அது தோல்வியா இல்லையா என்று சொல்ல முடியும்.

நான் அதிகம் மதிக்கும் உதாரணம் ஸ்டொக்ஹோம். அங்கே முதலில் மக்களில் பெரும்பாலோர் எதிர்த்தார்கள். அரசு, 'ஏழு மாதம் செய்து பார்ப்போம், பிறகு வாக்களியுங்கள்' என்றது. 2005 ஓகஸ்டிலேயே புதிய பஸ்களை ஓட விட்டார்கள். 2006 ஜனவரி 3இல் கட்டணம் தொடங்கியது. எல்லைக்கோட்டைக் கடக்கும் வாகனங்கள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. ஜூலை 31இல் நிறுத்தினார்கள். வாகனங்கள் பெரும்பாலும் திரும்பி வந்தன. செப்டெம்பர் வாக்கெடுப்பில் சிறு பெரும்பான்மை 'வேண்டும்' என்றது. 2007இலிருந்து அது நிரந்தரம்.

இதில் நம்மைப் போன்ற பஸ் ஆதரவாளர்களுக்குச் சங்கடமான செய்தி ஒன்றும் இருக்கிறது. கட்டணத்துக்கு முந்திய அந்தச் சில மாதங்களில் புதிய பஸ்கள் ஓடினவே, அவற்றால் மட்டும் கார்கள் குறையவில்லை. நல்ல பஸ் விட்டால் போதும், மக்கள் தாமாகக் காரை விட்டுவிடுவார்கள் என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன். நடப்பது அப்படியில்லை. நல்ல பஸ் இருந்தால் நெரிசல் கட்டணம் நியாயமாகிறது, அந்தக் கட்டணம் பஸ்ஸுக்கு வழிவிடுகிறது. ஒன்றில்லாமல் மற்றது அரைகுறை.

எடின்பரோவில் 2005இலும் மன்செஸ்டரில் 2008இலும் மக்கள் வாக்களித்து இதைப் பெரும் வித்தியாசத்தில் நிராகரித்தார்கள். இரண்டு இடத்திலும் அனுபவிக்கும் முன் வாக்குக் கேட்டார்கள். நீங்கள் கேள்விப்பட்ட நியூயோர்க் 2025 ஜனவரி 5இல், காருக்கு 9 டொலர் என்று தொடங்கியது. 15 டொலர் என்று முடிவாகியிருந்ததை 2024 ஜூனில் ஆளுநர் நிறுத்திவைத்து, பிறகு குறைத்துக் கொண்டுவந்தார். அங்கே காசு சுரங்க ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் போகிறது. அங்கே கார் இல்லாமல் மன்ஹட்டனுக்குப் போகப் பத்து வழி உண்டு என்பதையும் ஆசிரியர் அறையில் பேசுகிறவர் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி நம் ஊர். கண்டி ஒரு கிண்ணம். ஒரு பக்கம் ஹந்தானை மலை, ஒரு பக்கம் உடவத்தகலைக் காடு, சுற்றி மகாவலி. கிண்ணத்துக்குள் இறங்கும் வாசல்கள் முக்கியமாக மூன்றுதான்: பேராதனைப் பக்கம் கெட்டம்பே, வடக்கே கட்டுகஸ்தோட்டை, கிழக்கே தென்னக்கும்புர. கொழும்பு வீதி, யாழ்ப்பாண வீதி, மஹியங்கனை வீதி எல்லாம் இந்தக் கிண்ணத்தில்தான் முடிச்சுப் போட்டிருக்கின்றன. போதாததற்கு 1998 ஜனவரி 25 குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு தலதா மாளிகைக்கு முன்னால் போகும் வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. அது சரியான முடிவு, திறக்கச் சொல்லி நான் கேட்க மாட்டேன். ஆனால் அந்தச் சுமை முழுதும் வாவியைச் சுற்றும் வீதிமேல் ஏறியது. கிண்ணமாக இருப்பதால் புகையும் வெளியே போக வழியின்றித் தங்கிவிடுகிறது.

வாசல் மூன்று என்பது கட்டணம் வாங்குபவருக்கு வசதி. கமரா வைக்க அதிக இடம் தேவையில்லை. அதே காரணம்தான் அநியாயமும். நுவரெலியாவிலிருந்து மரக்கறி ஏற்றித் தம்புள்ளைக்குப் போகும் லொறி றம்பொடை, கம்பளை, பேராதனை வழியாக வந்து கண்டியைத் தாண்டித்தான் மாத்தளைப் பக்கம் ஏற வேண்டும். கண்டியில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. கன்னொருவ, ஹல்லொலுவ வழியாக ஒரு வீதி இருக்கிறது, பாரமான லொறிகளின் ஓட்டத்தைத் தாங்குவதற்கு அது போட்டதில்லை. ஸ்டொக்ஹோமில் நகரத்தைத் தாண்டிப் போகும் பிரதான புறவழிக்கு முதல் பத்து வருடமும் கட்டணம் இல்லை. விலக வழியுள்ளவரிடம்தான் 'விலகு, இல்லாவிட்டால் கட்டு' என்று சொல்ல முடியும். விலக வழியே இல்லாதவரிடம் வாங்குவது வெறும் கப்பம். அதிவேகப் பாதையில் நாம் 2011இலிருந்து கட்டுகிறோமே என்று சிலர் கேட்கலாம். அங்கே பழைய காலி வீதி பக்கத்தில் சும்மா கிடக்கிறது, வேண்டாதவர் அதில் போகலாம்.

பஸ்ஸுக்கு வருகிறேன். உண்மையான சிக்கல் இங்கேதான். தனியார் பஸ்ஸில் சாரதிக்கும் கொண்டக்டருக்கும் அன்றைய கலெக்‌ஷனைப் பொறுத்துத்தான் கை நிறையும். அதனால் என்ன நடக்கிறது என்று தினமும் நீங்கள் பார்க்கிறீர்கள். டவுனுக்குள் ஒவ்வொரு ஹோல்ட்டிலும் ஆள் சேரும்வரை உருட்டிக்கொண்டு நிற்பது, பின்னால் அதே வழி பஸ் வந்ததும் பேய்ப் பிடித்த மாதிரி ஓடுவது. சாரதியைத் திட்டிப் பிரயோசனமில்லை. அவர் வீட்டு அடுப்பு அந்த ஓட்டத்தில்தான் எரிகிறது. நாளைக்கே பாதிக் கார்களை வீதியிலிருந்து எடுத்தாலும் இந்த பஸ் அதே இடத்தில் அதே நேரம் நிற்கும், ஏனென்றால் அது நிற்பது நெரிசலால் மட்டுமல்ல. லண்டனில் பஸ் கம்பனிகளுக்குச் சேவையை நடத்துவதற்கென்று ஒப்பந்தத்தில் காசு கொடுக்கிறார்கள். எத்தனை பேர் ஏறினார்கள் என்பது கம்பனியின் கவலையல்ல. கண்டிக் கட்டணத்தில் முதல் ரூபாய் வருமென்றால் அது போக வேண்டிய இடம் இது: கம்பளை, கடுகண்ணாவை, அக்குறணை, திகன வழிகளில் ஓடும் பஸ்களுக்கு நேரத்துக்கு ஓடினால் இவ்வளவு என்று கொடுப்பது.

அந்த ரூபாய் அங்கே போகுமா? இங்கேதான் எனக்கு நம்பிக்கை குறைகிறது. கண்டிக்கு வரும் பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை. உள் வீதிகள் மாநகர சபையுடையவை. மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸுக்கு அனுமதி கொடுப்பது மாகாண அதிகார சபை, மாகாணம் தாண்டினால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு, சிவப்பு பஸ் இலங்கைப் போக்குவரத்துச் சபை. ஒருவர் வாங்கி, இன்னொருவர் செலவழித்து, மூன்றாமவர் பதில் சொல்ல வேண்டிய நிலை. காசு திறைசேரிப் பெருங்கடலில் கலந்துவிட்டால் கம்பளை பஸ்ஸுக்கு ஒரு சதமும் திரும்பாது. லண்டனில் வரும் நிகர வருமானத்தைப் போக்குவரத்துக்கே செலவிட வேண்டும் என்று சட்டத்தில் எழுதினார்கள். இங்கேயும் சட்டத்தில் அந்த வாசகம் இல்லாமல் வரும் எந்தத் திட்டத்தையும் நம்ப வேண்டாம். பேச்சில் கொடுக்கும் உறுதி போதாது.

உங்கள் அண்ணன் விடயம். அவருடைய வேனைக் காராக எண்ணக்கூடாது. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை ஏற்றி வரும் வேன் ஐந்தாறு கார்களை வீட்டிலேயே நிறுத்திவிட்டு வருகிறது. கண்டியின் காலை நெரிசலில் பாதி மூச்சு பள்ளிக்கூட வாசல்களில்தான் அடைபடுகிறது. ஒரு பிள்ளைக்கு ஒரு கார் என்று வந்து நிற்கும் வரிசையை நீங்களே தினமும் தாண்டிப் போகிறீர்கள். பதிவு செய்த பள்ளி வேனுக்கும் நோயாளி ஏற்றிவரும் வாகனத்துக்கும் கட்டணம் இருக்கவே கூடாது. சிங்கப்பூர் 1975இல் நான்கு பேர் இருந்த காரையே விட்டது. கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கும் பேராதனை ஆஸ்பத்திரிகளுக்கும் நுவரெலியா மாவட்டம் முழுதிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். 2024 செப்டெம்பர் வர்த்தமானியில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வந்தது. ஆறு பேர் சேர்ந்து வேன் பிடித்து வருகிறவர்களிடம் வாசலில் இன்னும் இருநூறு கேட்டால், அந்தப் பயணமே நின்றுவிடும். நெரிசல் குறைந்ததாகக் கணக்குக் காட்டும், ஆனால் குறைந்தது கிளினிக் வரவு. ஆட்டோக்காரரைப் பற்றி எனக்கு முழுத் தெளிவு வரவில்லை. பெரும்பாலோர் லீசிங் கட்டுகிறவர்கள். ஆனால் ஆளில்லாமல் சுற்றும் ஆட்டோவும் இடம் பிடிக்கிறது. நாளொன்றுக்கு ஒரு தடவை சிறு தொகை, அல்லது நியூயோர்க் டாக்சிகளுக்குச் செய்தது போல ஹயருக்கு ஏற்ற சில்லறை என்று போகலாம் என்பது என் எண்ணம்.

அப்படியானால் எங்கேதான் தொடங்குவது? நான் சொல்லப்போவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம்: காசு வாங்கிப் பார்க்க வேண்டுமென்றால் கண்டியில் வேண்டாம், ஏப்ரல் மாத நுவரெலியாவில் பாருங்கள். வசந்த கால சீசனில் நாடெல்லாம் இருந்து கார் ஏறி வருகிறது. கிரகரி வாவியைச் சுற்றி ஊர்ந்து, றம்பொடை வீதியிலும் நானுஓயாப் பக்கமும் வால் நீளும். வருகிறவர் உல்லாசப் பயணம் வருகிறவர். அவருக்கு நாளை மாற்றலாம், நேரத்தை மாற்றலாம், ரயில் ஓடும் காலத்தில் அதில் நானுஓயா வரை வரலாம். அந்த ஊரிலேயே வாழ்கிற தோட்டத்து மனிதருக்கு அதில் எதையும் மாற்ற முடியாது. பிரசவ வலியோடு போகும் பெண்ணும் அதே வரிசை, கொழுந்து லொறியும் அதே வரிசை. அறுவடை செய்த லீக்ஸ் வெயிலில் வாட, லொறி நகராமல் நிற்கும். வெளியிலிருந்து வரும் தனிப்பட்ட வாகனத்துக்கு அந்த இரண்டு மூன்று கிழமை மட்டும் கட்டணம், மாவட்டத்தில் வசிப்பவருக்கும் பஸ்ஸுக்கும் சரக்குக்கும் விலக்கு, வந்த காசில் ஹட்டன், வெலிமடை, ராகலை வழிகளுக்கு மேலதிக பஸ். ஒரு சீசன் செய்து பார்க்கட்டும். ஹோட்டல்காரர்கள் சத்தம் போடுவார்கள். ஸ்டொக்ஹோமில் கடைக்காரர்களும் போட்டார்கள்.

கண்டியில் இப்போதே செய்யக்கூடியது வீதியோரத் தரிப்பு. தலதா வீதிப் பக்கத்து உள்வீதிகளில் காலையில் கொண்டுவந்து விட்ட கார் மாலைவரை நிற்கிறது. நெரிசல் நேரத்தில் ஒரு பக்கத் தரிப்பை எடுத்தால் பஸ்ஸுக்கென்று ஒரு தடம் கிடைக்கும். மிச்ச இடத்துக்கு மணிக்கணக்கில் ஏறும் கட்டணம் வைத்தால் நாள்முழுதும் நிறுத்துவது குறையும். கமரா வேண்டாம், புதுச் சட்டமும் பெரிதாக வேண்டாம். கடைக்காரர்கள் முதலில் பயப்படுவார்கள், ஆனால் அந்த இடத்தில் விடிந்தது முதல் நிற்பவை பல இடங்களில் கடைக்காரர்களின் சொந்த வாகனங்கள்தான் என்பதை எண்ணிப் பார்த்தவன் நான். ரயிலும் இருக்கிறது. பேராதனைக்கும் கண்டிக்கும் நடுவே தண்டவாளம் நெரிசல் வீதிக்குப் பக்கத்திலேயே போகிறது, 1867இலிருந்து. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலைநாட்டுப் பாதைகளைச் சிதைத்த பிறகு அதைத் திருத்துகிறவர்கள் பழையபடி ஆக்குவதோடு நிற்காமல், காலை ஆறிலிருந்து எட்டுவரை கம்பளையிலிருந்து அடிக்கடி ஒரு சிறு ரயில் ஓட இடம் வைத்துத் திருத்த வேண்டும் என்று கேட்கிறேன்.

ஆசிரியர் அறையில் இந்தப் பேச்சு மறுபடி வந்தால் ஒரு வேலை செய்யுங்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் காலை 6.45 இலிருந்து 7.45 வரை கெட்டம்பேயில் பாதுகாப்பான ஓரமாக நில்லுங்கள். உள்ளே வரும் வாகனங்களை வகை வகையாக எண்ணச் சொல்லுங்கள்: கார், வேன், ஆட்டோ, மோட்டார் சைக்கிள், பஸ், லொறி. பக்கத்திலேயே இன்னொரு பத்தியில் ஆட்களை எண்ணச் சொல்லுங்கள். பஸ்ஸில் நிற்பவர்களையும் மிதிபலகையில் தொங்குபவர்களையும் விட்டுவிடக் கூடாது, அதில்தான் பிள்ளைகள் பிழை விடுவார்கள். இரண்டு பத்தியையும் கூட்டி எனக்கு அனுப்புங்கள், அடுத்த மாதம் மாநகர சபைக்கு எழுதும் கடிதத்தில் அதைச் சேர்க்கிறேன்.